மரநிழலில் மறையும் வண்டிக்குப் பகல் விளக்கு: பழைய மாருதி 800-இல் டி.ஆர்.எல். பொருத்திய அனுபவம்

நீடாமங்கலத்தைச் சுற்றி வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு ஓரமாகப் போகும் சாலைகளில் காலை எட்டு, ஒன்பது மணிக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் புளியமரம், தூங்குமூஞ்சி, இடையிடையே மூங்கில் கொத்து. கொஞ்ச தூரம் சுள்ளென்று வெயில், கொஞ்ச தூரம் கருநிழல், மறுபடி வெயில். கஜா புயலில் எத்தனையோ மரங்கள் சாய்ந்தும் இந்த நிழல் பல இடங்களில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நடந்து போகிறவருக்கு அது சுகம். ஓட்டுகிறவருக்கு, வெயிலுக்குச் சுருங்கிய கண் நிழலுக்குள் இருப்பதைப் பிடிக்க நேரம் எடுக்கிறது. அந்த நிழலுக்குள் சாம்பல் நிறக் கார் ஒன்று வந்தால், கிட்டத்தில் வரும்வரை அது சாலையோடு சாலையாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டு வண்டி 2005 மாடல் மாருதி 800, சாம்பல் நிறம். அப்பா வாங்கியது, நன்றாக ஓடுகிறது, விற்கிற எண்ணம் இல்லை. அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரைலர் சாலையை அடைத்துக்கொண்டு போகும். பின்னால் வரும் பைக்காரர் பொறுமை இழந்து வலது பக்கம் ஏறுவார். எதிரில் நாங்கள் வருவது அவருக்குத் தெரியாது. ஒருமுறை அப்படி ஏறி, நேருக்கு நேர் வந்து, சகதியில் இறங்கி நின்ற இளைஞர் ஒருவர் கை நடுங்கச் சொன்னது: "சார், வண்டி வந்ததே தெரியல சார்." அவர் பொய் சொல்லவில்லை. நிழலிலிருந்து வந்த எங்களை அவர் உண்மையிலேயே பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் டி.ஆர்.எல். (டேடைம் ரன்னிங் லாம்ப்) என்கிற பகல் விளக்கு பொருத்துவது என்று முடிவெடுத்தேன்.

ஊரில் இதை அழகுக்கான பொருள் என்று நினைக்கிறார்கள். கடையிலும் அப்படியே விற்கிறார்கள்: நீலமாக எரிவது, மினுக்குவது, ஓடுகிற மாதிரி எரிவது. இந்த விளக்கு நமக்கு வழி காட்ட வந்ததில்லை, எதிரில் வருகிறவருக்கு நம்மைக் காட்ட வந்தது. சூரியன் தாழ்வாகவே இருக்கும் வடக்கு நாடுகளில் இந்தப் பழக்கம் வேர் விட்டது. ஸ்வீடனில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்று 1977-லேயே விதி வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி 7 முதல் புதிய கார் மாடல்களில் தனி டி.ஆர்.எல். கட்டாயம். நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புது இருசக்கர வாகனங்களில், இன்ஜின் ஓடினாலே முன் விளக்கு எரிகிறது. ஆரம்பத்தில் போகிற வருகிறவர்கள் எல்லாம் விரலை மடக்கி விரித்து "லைட் எரியுது" என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார்கள். இப்போது கண் பழகிவிட்டது.

அப்படியானால் காரிலும் ஹெட்லைட்டையே பகலில் போட்டுவிட்டுப் போகலாமே என்று வீட்டில் கேட்டார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் 800-இல் இருப்பது எச்4 ஹாலஜன் பல்பு. டிம்மில் ஒன்றுக்கு 55 வாட், இரண்டுக்கு 110. கூடவே பார்க்கிங், பின் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் எரியும். இருபது வருடப் பழைய ஒயரும் சுவிட்சும் அந்தச் சுமையை நாள் முழுக்கத் தாங்க வேண்டும். பல்பின் ஆயுசும் குறையும். பார்க்கிங் லைட்டை மட்டும் போட்டாலோ, அந்த 5 வாட் பல்பு வெயிலில் எரிகிறதா இல்லையா என்று கிட்டத்தில் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும். டி.ஆர்.எல்.லுக்கான சர்வதேச விதி, ஒவ்வொரு விளக்கும் நேர் முன்னால் 400 முதல் 1200 கேண்டெலா வரை வெளிச்சம் தர வேண்டும் என்கிறது. பகலில் பளிச்சென்று தெரிய அது போதும். பார்க்கிங் விளக்கு அதன் பக்கத்திலேயே வராது.

விளக்கு வாங்குவதில்தான் அதிக நேரம் செலவழித்தேன், அது வீண் போகவில்லை. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட்டை நம்பவே கூடாது. லென்ஸின் மேல் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், அதையொட்டி 'ஆர்.எல்.' என்ற எழுத்துகளும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விதிப்படி பகல் விளக்காகச் சோதிக்கப்பட்டதற்கான குறி அது. குறியை அச்சடிக்க யாராலும் முடியும் என்பதால் மல்டிமீட்டரையும் கையோடு எடுத்துப் போனேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல், வாசலில் நின்ற என் வண்டி பேட்டரியிலேயே வைத்துப் பார்க்கவிட்டார்.

மலிவான ஜோடி ஒன்று, பெட்டியில் 20 வாட் என்று போட்டிருந்தது. இன்ஜின் அணைந்திருந்தபோது பேட்டரி 12.4 வோல்ட், ஒரு விளக்கு இழுத்தது 0.30 ஆம்பியர். இன்ஜினை ஓடவிட்டதும் 14.1 வோல்ட், 0.46 ஆம்பியர். எட்டு வாட் கூட இல்லை என்பது ஒரு பக்கம். வோல்ட்டேஜ் ஏற ஏறக் கரண்டும் கூடவே ஏறுகிறது என்பதுதான் கவலை. உள்ளே கரண்ட்டைக் குறைக்க வெறும் ரெசிஸ்டர் மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் எல்.இ.டி. சூடாகி, ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரும். பக்கத்தில் இருந்த இன்னொரு ஜோடி, முதுகில் அலுமினியத் தகடு வைத்தது, 12.4 வோல்ட்டில் 0.46-உம் 14.1 வோல்ட்டில் 0.41-உம் காட்டியது. வோல்ட்டேஜ் ஏறும்போது கரண்ட் குறைகிறது. அப்படியென்றால் உள்ளே டிரைவர் சர்க்யூட் இருக்கிறது, எல்.இ.டி.க்குப் போகிற கரண்ட்டை அது நிலையாகப் பிடித்து வைக்கிறது. வெளிச்சமும் இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி இருந்தது. இரண்டாவது ஜோடியை வாங்கினேன். தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 67 தரம், நிறம் வெள்ளை. மற்ற நிறத்தின் பக்கமே போகாதீர்கள். மினுக்குகிற வகையும் வேண்டாம், அது சாலையில் மற்றவர்கள் கவனத்தைக் கலைக்கும்.

அடுத்தது ஒயரிங். எங்கள் ஊரில் ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். டிராக்டர், நெல் லாரி, அறுவடை மெஷின் என்று எல்லாவற்றுக்கும் அவர்தான். அவரிடம் விளக்கைக் காட்டினேன்.

"பார்க்கிங் ஒயரோட சேத்து முறுக்கிடலாம் தம்பி. பத்து நிமிஷ வேல."

"அப்ப பார்க்கிங் போட்டாத்தானேண்ணே எரியும்? பகல்ல எரியாதே."

"சாவியோட சேத்துடுவோம் அப்ப."

"ராத்திரியும் எரியுமேண்ணே. எதுத்தாப்புல வர்றவருக்குக் கண்ணு கூசும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் டப்பாவைக் கிளறி ஒரு ரிலேயை, அதாவது கரண்ட்டால் இயங்கும் சுவிட்சை, எடுத்து மேஜையில் வைத்தார். "அப்பன்னா அஞ்சு பின்னு. 87ஏ-ல எடுத்துக்க."

மொத்த சர்க்யூட்டும் அந்த ஒற்றை வரிதான். நாலு பின் ரிலே எல்லோருக்கும் தெரியும்: காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் 30-உம் 87-உம் சேரும். ஐந்து பின் ரிலேயில் கூடுதலாக 87ஏ இருக்கிறது. காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோது 30-உம் 87ஏ-உம் சேர்ந்தே இருக்கும், கரண்ட் வந்ததும் பிரிந்துவிடும். நமக்கு வேண்டியது அதேதான். சாவி போட்டால் உயிர் வரும் லைனிலிருந்து ஒரு 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு. 87ஏ-இலிருந்து இரண்டு விளக்கின் பாசிட்டிவுக்கும். பார்க்கிங் லைட்டின் பாசிட்டிவ் ஒயரிலிருந்து 86-க்கு. 85 எர்த்துக்கு, அதாவது வண்டியின் இரும்பு பாடிக்கு. 87 பின் சும்மா இருக்கும், அதன் மேல் உறை போட்டுவிடுங்கள். சாவியைத் திருப்பினால் பகல் விளக்கு எரியும். பார்க்கிங்கோ ஹெட்லைட்டோ போட்டால் ரிலே இழுத்து, தானாக அணையும். ஓட்டுகிறவர் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். கரண்ட்டை ஒரே திசையில் விடும் டையோடு வைத்த ரிலேயாக இருந்தால் மட்டும் 85, 86 திசை மாறக்கூடாது, மேலே அச்சடித்த படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியிலிருந்து நேராக லைன் இழுத்து, அதற்கு இன்னொரு ரிலே வைப்பவர்களும் உண்டு. பெரிய சுமைக்கு அதுதான் சரி. இங்கே இரண்டு விளக்கும் சேர்ந்து இழுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. அதற்காக இன்னொரு ரிலே, இன்னும் நாலு இணைப்பு என்று கூட்டினால் துருப்பிடிக்கவும் எலி கடிக்கவும் இடம் கூட்டியதாகத்தான் ஆகும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, பாட்டுக் கேட்பதற்காகச் சாவியை ஆனில் வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்தாலும், பகல் விளக்குக்குச் செலவாவது அரை ஆம்பியர் அவர் கூட வராது. பேட்டரி அதற்கெல்லாம் அசையாது.

சாவியோடு உயிர் வரும் லைனைக் கண்டுபிடிக்க டெஸ்ட் லாம்பு போதும். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் பெட்டியை வெளியே இறக்கினேன். பிறகு நெகட்டிவை மாட்டி, சாவியை ஒவ்வொரு நிலையிலும் வைத்துப் பார்த்தேன். எங்கள் வண்டி எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைச் செலுத்தும் வகை) என்பதால் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் போகும் லைனைத் தொடவே இல்லை. ரிவர்ஸ் லைட் போகும் லைனில் எடுத்தேன். நம் இணைப்பில் கோளாறு வந்து அந்த லைனின் ஃபியூஸே போனாலும், கூடப்போனால் ரிவர்ஸ் லைட் போகும், வண்டி வழியில் நிற்காது. ஒயரை உரித்து முறுக்கி டேப் சுற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர், கிரிம்ப் செய்த (இடுக்கியால் அழுத்திப் பிடித்த) முனை, அதன் மேல் சூடு காட்டினால் சுருங்கும் குழாய். கிரிம்ப் செய்ததும் ஒயரைப் பிடித்து வலுவாக இழுத்துப் பாருங்கள். இழுத்தால் வருவது, சாலைக் குலுக்கலில் கட்டாயம் வரும்.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய வண்டியில் விளக்குத் தொந்தரவு என்று வருவதில் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கின்றன. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று. உள்ளே வந்தால் சேறும் ஈரமும். பாடியில் எர்த் ஒயர் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறிக்கொண்டே போகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நம் விளக்கைச் சேர்ப்பதற்கு முன்னால் இருக்கிற ஹெட்லைட் எர்த்தைச் சோதித்தேன். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ஹெட்லைட் எர்த் ஒயரின் முனையிலும் தொட்டு, ஹெட்லைட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். எர்த் நன்றாக இருந்தால் 0.1 வோல்ட்டுக்குள் நிற்கும். எங்கள் வண்டியில் வலது பக்கம் 0.6 காட்டியது.

போல்ட்டைக் கழற்றினால் வளைய முனையின் அடிப்பக்கம் செம்மண் பூசிய மாதிரி இருந்தது. தேய்த்ததும் பொடியாகக் கொட்டியது. எமரி தாளால் வளையத்தையும் பாடியையும் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். மறுபடி பார்த்தபோது 0.05. ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் 5 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 15 சதவீதம் குறையும். வலது ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது என்று அப்பா நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கும் இதுவே காரணம். பல்பு மாற்றாமலே அது சரியானது. பகல் விளக்குக்குத் தனியாக ஓர் எர்த் புள்ளி வைத்து, அதையும் இதே மாதிரி தேய்த்துப் பிடித்தேன்.

விளக்கை எங்கே வைப்பது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது, ஒன்றரை மீட்டருக்கு மேலே போகக்கூடாது.  இரண்டு விளக்குக்கும் நடுவே குறைந்தது 60 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இடைவெளி குறைந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகி, பைக் வருகிறது என்று தோன்றிவிடும். 800-இன் அகலம் 144 சென்டிமீட்டர். ஓரத்திலிருந்து 20 விட்டு 16 சென்டிமீட்டர் நீள விளக்கை வைத்தால் நடுவில் 72 கிடைக்கிறது. 50 சென்டிமீட்டர் நம்பர் பிளேட் மறையாது, ரேடியேட்டருக்குப் போகும் காற்றும் தடைப்படாது. இண்டிகேட்டரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் இந்த வெள்ளை வெளிச்சத்தில் இண்டிகேட்டர் அமுங்கிப் போகும். அது புது ஆபத்து.

பம்பர் பிளாஸ்டிக்கில் நேராக ஸ்குரூ அடிக்காமல், உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் ஒரு எல் கிளாம்பு வைத்து அதில் பிடித்தேன். எல்.இ.டி.யின் சூடு அலுமினிய முதுகு வழியாகத்தான் வெளியேறும், அதற்குப் பின்னால் காற்று போக இடம் வேண்டும். இரண்டு பக்க டேப் மட்டும் ஒட்டிவிட்டுப் போனால் சித்திரை வெயிலுக்குப் பசை இளகிவிடும். ரிலேயை இன்ஜின் அறையில் உயரமாக, பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினேன், உள்ளே தண்ணீர் தங்காது. ஒவ்வொரு ஒயரும் இணைப்புக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு சிறு தொங்கல் விட்டிருக்கிறேன். ஐப்பசி மழையில் ஒயரோடு ஓடிவரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

எலி விஷயத்தைச் சொல்லாவிட்டால் இந்த ஊர்க்காரனாக இருந்து பயனில்லை. வீட்டில் பத்தாயம், கொல்லையில் வைக்கோல் போர், அறுவடை முடிந்ததும் வயலிலிருந்து ஊருக்குள் இடம் பெயரும் எலிக் கூட்டம். நின்ற வண்டியின் சூடான இன்ஜின் அறை அவற்றுக்கு அரண்மனை. எல்லா ஒயரையும் நெளிவு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, முனைகளைத் துணி டேப்பால் மூடி, அடிச்சட்டத்தில் கிடக்காமல் மேலே தூக்கிக் கட்டினேன். எலி நடமாடும் விளிம்போடு ஒயர் போனால் எந்தக் குழாயும் ரொம்ப நாள் தாங்காது, தூக்கிக் கட்டுவதுதான் பலன் தருகிறது. வண்டியை வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்துவதையும் விட்டுவிட்டோம்.

வேலை முடிந்ததும் வாசலில் சாவியைத் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்படுவதோடு நிறுத்தினால் போதாது. விளக்கு யாருக்காகவோ அவர் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். தம்பியிடம் சாவியைக் கொடுத்து, "மதகுகிட்ட போய்த் திருப்பிக்கிட்டு மெதுவா வாடா, பாதியில ஒருதரம் பார்க்கிங் போட்டு விளக்க நிறுத்து, திருப்பிப் போடு" என்று சொல்லி அனுப்பினேன். ஆற்றங்கரையில், வெயில் விழும் இடத்தில் நான் நின்றுகொண்டேன். மதகிலிருந்து அவன் புறப்பட்டபோது காரின் உருவம் தெரியவில்லை, இரண்டு வெள்ளைப் புள்ளிகள் மட்டும் தனித்தனியாகத் தெரிந்தன. பாதி வழியில் பார்க்கிங்கைப் போட்டான். புள்ளிகள் அணைந்தன, காரும் காணாமல் போனது. அதே சாலை, அதே வேகம், அதே வண்டி. நிழலுக்குள் ஏதோ அசைகிறது என்பதைக் கண் பிடிப்பதற்குள் அவன் கணிசமான தூரம் முன்னால் வந்துவிட்டான். விளக்கு மறுபடி எரிந்ததும் தூரமும் வேகமும் உடனே பிடிபட்டன.

விளக்கு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பைக்கில் வருபவரின் கண் உயரத்தில், பத்தடி தூரத்தில் நின்று பார்த்தபோது எங்கள் இடது விளக்கு மட்டும் கொஞ்சம் கூசியது. கிளாம்பை லேசாக முன்னால் வளைத்ததும் சரியானது.

புது டி.ஆர்.எல். கார் வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் பகல் விளக்கு மட்டும் எரியும்போது பின் சிவப்பு விளக்கு எரியாது. மார்கழி, தை மாத விடியலில் வயல்வெளியில் பனி இறங்கியிருக்கும்போதும், கார்த்திகை மழையில் பட்டப்பகலே இருட்டும்போதும், முன்னால் வெளிச்சம் இருக்கிறது என்ற நினைப்பில் பலர் அப்படியே போகிறார்கள். பின்னால் வரும் நெல் லாரிக்கு அந்த வண்டி இருப்பதே தெரியாது. பனியிலும் மழையிலும் ஹெட்லைட்டைப் போட்டே ஆக வேண்டும். அப்போதுதான் பின் சிவப்பு விளக்கும் எரியும். எங்கள் வண்டியில் ஹெட்லைட்டைப் போட்டதும் பகல் விளக்கு தானே விலகிக்கொள்ளும். அப்பாவுக்கும் தம்பிக்கும் நான் கட்டாயமாகச் சொல்லி வைத்திருப்பது இதைத்தான்: மூன்றாவது கரண்ட் கம்பத்துக்கு அப்பால் தெரியவில்லை என்றால் ஹெட்லைட்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டிராக்டர் சக்கரம் சாலையில் விட்டுப் போன சேறு லென்ஸில் அப்பிக்கொள்ளும், ஈரத்துணியால் துடைத்தால் போயிற்று. மழைக்காலம் முடிந்ததும் எர்த் போல்ட்டில் மீட்டர் வைத்து ஒருமுறை பார்க்கிறேன். டாஷ்போர்டு பெட்டியில் இரண்டு 3 ஆம்பியர் ஃபியூஸ் கிடக்கிறது. எலக்ட்ரீசியன் அண்ணன் இப்போது தன் பழைய ஆம்னிக்கு இதே ஐந்து பின் இணைப்பைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதில் சாவி லைன் எங்கே வருகிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் டெஸ்ட் லாம்போடு உட்காரப் போகிறோம்.